பாமரனுக்கும் ஒரு செய்தித்தாள்

(பொன்விழாவை முன்னிட்டுப் பங்குப் படிப்பகத் திறப்பின்போது பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நமது பங்கின் பொன்விழா நினைவாக இன்று மாலை இச்சிறு படிப்பகத்தைத் திறந்து வைத்திருக்கிறோம். நான்கு பெஞ்சு, ஒரு மேசை, நாள்தோறும் வரப்போகும் செய்தித்தாள்கள்: இவ்வளவுதான் இதன் சொத்து. "வலை பிடிக்கிறவனுக்குப் பேப்பர் எதுக்கு, சாமி?" என்று விழாக் குழுக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடையாக ஒரு மனிதருடைய வாழ்க்கையை உங்கள்முன் வைக்க விரும்புகிறோம். அவர் 'தினத்தந்தி'யை நிறுவிய சி. பா. ஆதித்தனார்.

திருச்செந்தூருக்கு அருகிலுள்ள காயாமொழி என்னும் சிற்றூரில் 1905 செப்டம்பர் 27-ஆம் நாள் பிறந்தவர் அவர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் படித்தார். பின்பு இலண்டன் சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றார். அங்கே படிக்கும்போதே பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதி அனுப்பிவந்தார். பிறகு சிங்கப்பூரில் வழக்கறிஞர் தொழில். உலகப் போர் கிழக்கே பரவிய காலத்தில் தாயகம் திரும்பினார். கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ 1942 நவம்பர் 1-ஆம் நாள் மதுரையில் 'தந்தி' என்ற நாளிதழைத் தொடங்கினார். அதுவே பின்னர் 'தினத்தந்தி' ஆயிற்று.

அக்காலத்தில் தமிழில் நல்ல நாளிதழ்கள் இல்லாமல் இல்லை. 'சுதேசமித்திரன்' இருந்தது; 'தினமணி' இருந்தது. ஆனால் அவற்றைப் படிக்க ஓரளவு படிப்பு வேண்டும். 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்கூட இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 18 பேர்தான். இலண்டனில் 'டெய்லி மிரர்' போன்ற மலிவான நாளிதழ்கள் சாதாரணத் தொழிலாளியின் கையில் இருந்ததை ஆதித்தனார் கண்டிருந்தார். தமிழ்நாட்டில் வண்டியோட்டிக்கும் கடைக்காரருக்கும் அப்படி ஒரு பேப்பர் வேண்டாமா என்பதே அவருடைய எண்ணம்.

அதற்காக அவர் செய்தது என்ன? வாக்கியத்தைக் குறுக்கினார். மக்கள் பேசும் சொற்களையே அச்சில் ஏற்றினார். தலைப்பைப் பெரிதாக்கினார், படம் போட்டார். தம்மிடம் வேலை செய்த செய்தியாளர்களுக்கு எப்படி எழுத வேண்டும் என்பதையும் கற்பித்தார். அவருடைய 'இதழாளர் கையேடு' இன்றும் அத்தொழிலுக்கு வருவோர் படிக்கும் நூல். ஒரே ஊரில் அச்சடித்து எங்கும் அனுப்பாமல், பல நகரங்களில் பதிப்பு ஏற்படுத்தியதால் காலையிலேயே பேப்பர் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது. 1960-இல் தொடங்கிய 'கன்னித்தீவு' படக்கதை அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியதை நீங்கள் அறிவீர்கள். சிந்துபாத் என்ன ஆனான் என்று பார்க்கப் போய் எழுத்துக் கூட்டக் கற்றவர்கள் இந்த அரங்கிலேயே சிலர் இருப்பீர்கள். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். ஒரு பேப்பருக்கு வாசகர் பதினொருவர்!

குறையும் சொல்லத்தான் வேண்டும். கொலை, கொள்ளைச் செய்திகளுக்குப் பெரிய எழுத்தில் இடம் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு அந்நாள் முதலே உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. குருமடத்தில் நாம் படித்த காலத்தில் பேராசிரியர் ஒருவர் அதை 'டீக்கடைப் பேப்பர்' என்று சொல்லிச் சிரிப்பார். நாமும் கூடச் சேர்ந்து சிரித்ததுண்டு.

அந்தச் சிரிப்பு இந்தப் பங்கில்தான் அடங்கிற்று. நாம் இங்கு வந்த முதல் ஆண்டில், புயலில் வலை இழந்த முதியவர் ஒருவர் மடித்து வைத்திருந்த கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். ஓர் அலுவலகத்திலிருந்து வந்தது. 'மேற்படி பொருள் தொடர்பாக உரிய ஆவணங்களை 15 தினங்களுக்குள் சமர்ப்பிக்கத் தவறும் பட்சத்தில் கோரிக்கை பரிசீலனைக்கு உட்படுத்தப்படமாட்டாது' என்பது அதன் சாரம். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்தான். "மூணு தடவ படிச்சேன் சாமி. கூப்பிடுறாங்களா, வேணாங்கிறாங்களான்னே தெரியல" என்றார். கெடு முடிந்து எட்டு நாளாகியிருந்தது. அவருக்குக் கிடைக்க வேண்டிய பணம் கிடைக்கவே இல்லை. 'ரேஷன் கார்டும் படகுப் பதிவுச் சீட்டும் 15 நாளுக்குள் கொண்டு வாருங்கள். தவறினால் பணம் கிடைக்காது' என்று எழுதியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? எளிய தமிழ் ஏழைக்குச் சோறு போடும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

ஆதித்தனார் பின்பு அரசியலிலும் ஈடுபட்டார். 1967-இல் சட்டப்பேரவைத் தலைவரானார். அடுத்துக் கூட்டுறவு அமைச்சராகவும் பணியாற்றினார். 1981 மே 24-ஆம் நாள் மறைந்தார். அவருடைய அரசியலைப் பற்றிப் பலருக்குப் பல கருத்து இருக்கலாம். ஆனால் படிப்பு குறைந்தவனையும் ஒரு வாசகனாக மதித்தார் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

இனி, பெரியவரின் கேள்விக்கு வருவோம். வலை பிடிக்கிறவனுக்குப் பேப்பர் எதற்கு? 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, துறைமுகம் போன்ற பெருந்திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துமுன், 30 நாள் அவகாசம் தந்து, மாநில மொழி நாளிதழ் ஒன்றிலும் விளம்பரம் செய்தாக வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்திற்கு 2021 ஜனவரியில் அப்படியொரு கூட்டம் அறிவிக்கப்பட்டு, பின்னர் தள்ளி வைக்கப்பட்டது. நம் ஏரியும் முகத்துவாரமும் என்னவாகும் என்ற பேச்சு நடக்கும் இடம் அது. விளம்பரத்தைப் பார்க்காதவன் அங்கே எப்படிப் போவான்? எப்படி வாய் திறப்பான்?

"கையில் போன் இருக்கிறதே" என்று இளைஞர்கள் சொல்லலாம். 2004 டிசம்பரில் சுனாமி அடித்த அதே வாரத்தில், மறுபடியும் அலை வருகிறது என்ற செய்தி பரவி, கரையோர மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அலை வரவில்லை. வேகமாக வருவதெல்லாம் செய்தி ஆகிவிடாது, பிள்ளைகளே. அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்றும் நாம் சொல்லமாட்டோம். இரண்டு பேப்பரை ஒப்பிட்டுப் படியுங்கள், விளங்காததைக் கேளுங்கள். அதற்காகத்தான் இங்கே ஒன்றுக்கு மேற்பட்ட பேப்பர் வாங்குகிறோம்.

ஒரே ஒரு விண்ணப்பம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நாள்தோறும் மாலையில் கால் மணி நேரம் இங்கு வந்து, பெரியவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். பெரியவர்களே, கேட்க வெட்கப்படாதீர்கள். யாருக்காவது கடிதம் வந்தால் மடித்து வைக்காமல் அன்றைக்கே இங்கே கொண்டு வாருங்கள். இனி நம் பங்கில் எவரும், படித்தது புரியாத காரணத்தால் கெடு தவறி நிற்கக் கூடாது. பொன்விழா ஆண்டில் நாம் கேட்கும் காணிக்கை இதுவே.