தோலும் மூட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது, "கம்பெனி அனுபவம் ஏதாவது சொல்லுப்பா, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். அதைச் சொல்ல என்னைவிடப் பெரிய ஆட்கள் இந்தக் கூடத்தில் இருக்கிறார்கள். எனக்குத் தீர்க்க வேண்டிய பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. போன சந்திப்புக்கு நான் வரவில்லை. வீடு வாலாஜாபாத்திலேயே இருந்தும் வரவில்லை. "பெரிய ஆளாயிட்டான்" என்று நண்பர்கள் பேசிக்கொண்டதாகக் கேள்வி. அன்று காலையில் நான் முழுக்கைச் சட்டைக்குப் பித்தான் போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அதுதான் நடந்தது. முழுக்கை எதற்கு என்றால், முழங்கையில் இருந்த திட்டுகளை மறைக்க.

எனக்கு இருப்பது சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ். சொரியாசிஸ் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். தோல் தடித்துச் சிவந்து, வெள்ளையாகச் செதில் உதிரும். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நம் உடம்பின் மேல் திரும்புவதால் வருவது. சொரியாசிஸ் உள்ளவர்களில் பத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு அது மூட்டையும் பிடிக்கிறது. பெரும்பாலும் முதலில் தோல், சில வருஷம் கழித்து மூட்டு. முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள்தான் அதிகம். தாத்தா பாட்டிக்கு வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு.

எனக்கு மூட்டுத் தொல்லை ஆரம்பித்தது குதிகாலில். ஓரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. ஷிப்ட் முழுக்க சேப்டி ஷூவோடு நிற்பதால் வலிக்கிறது என்று நினைத்து ஷூவை மாற்றினேன். தசைநார் எலும்போடு ஒட்டும் இடத்தில் அழற்சி வருவது இந்த நோயின் குணம் என்பது அப்போது தெரியாது. அப்புறம் மோதிர விரல், கணு எது சதை எது என்று தெரியாமல் முழுசாக வீங்கியது. நகத்தில் ஊசியால் குத்தினாற்போல் புள்ளிகள். ஒரு நாள் மைக்ரோமீட்டரைத் திருக முடியாமல் பக்கத்தில் இருந்த டிரெய்னி பையனிடம் கொடுத்தேன். நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகைப் பிடிக்கிறவன், சொந்த விரலில் இருந்த பிசகை இரண்டு வருஷமாகப் பிடிக்கவில்லை.

டாக்டரிடம் போகாமல் இல்லை. ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. பேக்டர் நெகட்டிவ். "ரிப்போர்ட் நார்மல், டென்ஷனைக் குறைங்க" என்றார் ஒருவர். இந்த நோயில் அந்தப் பரிசோதனை பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும். ஆனால் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. முழுக்கைச் சட்டையோடுதான் அவர் முன்னாலும் உட்கார்ந்திருந்தேன். தோலைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. தோல் டாக்டரிடம் போனால் மூட்டைப் பற்றிச் சொல்லவில்லை. கடைசியில் சென்னையில் மூட்டுவாத நிபுணர் ஒருவர், ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சட்டையைக் கழட்டுங்க, விரலை நீட்டுங்க" என்றார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அயர்லாந்தில் செய்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, நோயைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் தாமதமானாலே எலும்பு அரிப்பும் இயலாமையும் கூடுகின்றன என்கிறது. நான் விட்டது இரண்டு வருஷம். இந்த விரல் இனி முழுசாக மடங்காது.

வாழ்க்கைத் தரம் என்கிறோமே, அதை எப்படி அளப்பது? எங்கள் தொழிலில் கேஜ் உண்டு. இதற்கும் ஒன்று செய்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் நோயாளிகளையே கூட உட்கார வைத்து உருவாக்கி, 2014இல் வெளியிட்ட 12 கேள்விகள். வலி எவ்வளவு, அசதி எவ்வளவு, தூக்கம் கெடுகிறதா, வேலை கெடுகிறதா, வெட்கமாக இருக்கிறதா, நாலு பேரோடு கலக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து பத்துக்குள் நாமே மார்க் போட வேண்டும். வலிக்குத்தான் அதிக எடை. ஆனால் எனக்கு அதிகம் வந்தது வலியில் இல்லை, அசதியில். தூங்கி எழுந்ததும் மூட்டை சுமந்தவன் போல ஒரு களைப்பு. காலையில் ஒரு மணி நேரம் கை கால் விறைப்பு. வீட்டில் சோம்பேறித்தனம் என்றே நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வெட்கம் தனிக் கதை. செங்கல்பட்டு பஸ்ஸில் என் கையைப் பார்த்துவிட்டு, ஒரு அம்மா குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். சலூனில், "வேற எடத்துல பாத்துக்கோங்க சார்." எதிர்வீட்டுப் பாட்டி என் அம்மாவிடம் ரகசியமாக, "திருமணிக்குக் கூட்டிட்டுப் போயேன்" என்றார். திருமணியில் இருப்பது மத்திய அரசின் தொழுநோய் மையம். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி மரத்திருக்கும். என் திட்டு அரிக்கும், சுரீரென்று எரியும். தொழுநோயே கூட்டு மருந்தில் குணமாகிவிடுகிறது. சொரியாசிஸோ தொற்றவே தொற்றாது. பாட்டியிடம் இதை விளக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. கேட்டு முடித்துவிட்டு வெட்பாலைத் தைலம் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. வாரம் ஒரு நாள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எனக்குச் சனிக்கிழமை. காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். கூடவே போலிக் ஆசிட், அவ்வப்போது கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் பரிசோதனை. மது கூடாது. கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் இந்த மாத்திரையைத் தொடக் கூடாது. இதற்குக் கேட்காதவர்களுக்கு ஊசி மருந்துகள் உண்டு. 2014 கடைசியில் இந்திய நிறுவனம் ஒன்றே அடாலிமுமாப் ஊசியைக் குறைந்த விலையில் கொண்டுவந்தது. அப்படியும் சம்பளக்காரனுக்குக் கனமான செலவுதான். போடும் முன் உள்ளே காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சென்னை அரசு பொது மருத்துவமனையில் மூட்டு நோய்க்கென்றே தனித்துறை இருக்கிறது. இங்கிருந்து ரயிலில் போய் வரலாம்.

காஞ்சிபுரத்தில் தறியில் உட்காரும் என் சொந்தக்காரர் ஒருவருக்கு விரல் வீங்குகிறது, தலையில் செதில் உதிர்கிறது. பொடுகு என்று சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தார். போன மாதம்தான் கூட்டிக்கொண்டு போனேன். முடிவு தெரிய இன்னும் நாள் ஆகும். இங்கேயும் ஹாஸ்டலில் யாராவது வெயில் காலத்தில் முழுக்கை போட்டுத் திரிந்தால், குதிகால் வலியோடு நொண்டினால், கொஞ்சம் விசாரியுங்கள்.

நான் இன்று வந்திருப்பது அரைக்கைச் சட்டையில். சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடியில்தான் இருப்பேன். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். கை கொடுப்பவர்கள் கொஞ்சம் மெதுவாகக் குலுக்குங்கள்.