விளையாட்டு விமானமும் சூரிய பகவானும்



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டது ஒரு விளையாட்டுச் சங்கதி. மேல்நாடுகளில் பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஓய்வு நாட்களில் மைதானத்துக்குப் போய், கையில் ஒரு சிறு பெட்டியைப் பிடித்துக் கொண்டு, ரேடியோ அலையினால் சின்னஞ்சிறு ஆகாய விமானங்களைப் பறக்க விடுகிறார்கள். விமானத்தில் ஆள் கிடையாது, கயிறும் கிடையாது. அதற்கு வேண்டிய மின்சாரத்தைச் சூரிய வெளிச்சத்திலிருந்தே எடுத்துக் கொள்ளுகிறவர்களும் அவர்களில் உண்டு. "இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் சூரியனில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் சூரியனுக்கு ஏழு குதிரை பூட்டிய தேர் கொடுத்தார்கள். தேரோட்ட ஒரு சாரதியையும் கொடுத்து, அவனுக்குக் கால் இல்லை என்றும் எழுதி வைத்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகளைக் கொடுத்தார்கள். கிரகணம் வந்தால் பாம்பு விழுங்குகிறது என்றார்கள். தினம் காலையில் ஆற்றில் நின்று கொண்டு, தண்ணீரை அள்ளி அதே ஆற்றில் விட்டு, சூரியனைக் காப்பாற்றி விட்டதாகச் சொல்லிக் கொண்டார்கள். (உழவன் அறுவடை முடிந்து பொங்கல் வைத்துச் சந்தோஷப்படுவது வேறு, அதில் நமக்குத் தகராறில்லை.) இத்தனை ஆயிரம் வருஷம் அர்க்கியம் விட்டவர்களில் யாராவது ஒருவர், அந்தச் சூரியனிடமிருந்து ஒரு சிறு விளக்கு எரியும்படியான சக்தியை வாங்கிக் காட்டியதுண்டா?

வாங்கிக் காட்டினவர்கள் வேறு ஆட்கள். 1839-இல் பிரான்சு தேசத்தில் எட்மண்ட் பெக்கெரல் என்ற 19 வயதுப் பையன், வெளிச்சம் பட்டால் மின்சாரம் உண்டாகிறது என்பதைச் சோதனையில் கண்டான். 1954-இல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த சேப்பின், புல்லர், பியர்சன் என்ற மூவர், மணலிலிருந்து எடுக்கும் சிலிக்கனைக் கொண்டு முதல் உருப்படியான சோலார் செல்லைச் செய்தார்கள். அதைக் காட்டுவதற்கு அவர்கள் வைத்தது என்ன தெரியுமா? ஒரு பொம்மை ராட்டினம்! வெளிச்சத்தில் 100-க்கு 6 பங்குதான் அன்று மின்சாரமாயிற்று. இன்று கடையில் விற்கும் பலகைகள் 20 பங்குக்கு மேலும் கொடுக்கின்றன.

ரேடியோவால் ஓட்டும் வித்தையும் இப்படித்தான் வந்தது. 1898-இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா என்பவர் ஒரு தொட்டித் தண்ணீரில் சிறு படகை விட்டு, தூரத்தில் நின்றபடியே அதைத் திருப்பிக் காட்டினார். பார்த்தவர்களில் சிலர் மந்திரம் என்றார்களாம். சிலர் படகுக்குள் பழக்கின குரங்கு ஒளிந்திருக்கிறது என்றார்களாம். காரணம் தெரியாத இடத்தில் மந்திரத்தைக் கொண்டு வந்து வைப்பது நம்மவர்க்கு மட்டும் சொந்தமல்ல என்பதற்காகச் சொன்னோம். வித்தியாசம் என்னவென்றால், டெஸ்லா அந்தக் குரங்குக்குக் கோயில் கட்ட விடவில்லை. படம் வரைந்து, விளக்கம் எழுதி, காப்புரிமைப் பத்திரமாகப் பதிவு செய்து வைத்தார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இந்த இரண்டு வித்தைகளும் ஒன்று சேர்ந்தது 1974 நவம்பர் 4-ஆம் தேதி. கலிபோர்னியாவில் வற்றிப் போன ஓர் ஏரிப் படுகையில், மாதிரி விமானங்களுக்கு மின்மோட்டார் செய்து விற்ற ஆஸ்ட்ரோ பிளைட் என்ற சிறு கம்பெனியைச் சேர்ந்த ராபர்ட் பௌச்சர், 'சன்ரைஸ்' என்ற விமானத்தைப் பறக்க விட்டார். இறக்கை 32 அடி நீளம். எடை 12½ கிலோ. இறக்கையின் மேல் 4096 சோலார் செல்கள். சூரிய வெளிச்சத்தினாலேயே பறந்த முதல் விமானம் அதுதான். பிறகு ஒரு மணற்காற்றில் அது சேதமாயிற்று. அதற்காக யாரும் ஜாதகம் பார்க்கவில்லை. 1975 செப்டம்பரில் எடையைக் குறைத்து, சக்தியைக் கூட்டி, இரண்டாவதைப் பறக்க விட்டார்கள்.

விளையாட்டுச் சாமான் எங்கே கொண்டு போய் விடுகிறது பாருங்கள்! 1980-இல் பால் மக்கிரெடி என்பவர் 'காசமர் பெங்குவின்' என்ற ஆள் ஏறும் சூரிய விமானத்தைச் செய்தபோது, அதில் வைத்த மோட்டார் மாதிரி விமானத்துக்காகச் செய்த மோட்டார்தான். எடை குறைந்த ஆள் வேண்டுமென்று முதலில் ஏறியது அவருடைய 13 வயது மகன். பிறகு அதை ஓட்டிக் காட்டியவர் ஜானிஸ் பிரவுன் என்ற பள்ளிக்கூட ஆசிரியை. நாமோ, பெண் பிள்ளை வீட்டுக்குத் தூரமான நாளில் கோலம் போடலாமா கூடாதா என்று இன்னும் பேசிக் கொண்டிருக்கிறோம்.

"இரவில் என்ன செய்வான்?" என்று கேட்பீர்கள். 2005 ஜூன் மாதத்தில் ஆலன் காக்கோனி என்பவரின் 'சோலாங்' என்ற விமானம் 48 மணி 16 நிமிஷம் இறங்காமல் பறந்தது. 4.75 மீட்டர் இறக்கை. பகலில் கிடைத்த வெளிச்சத்தில் பறந்து கொண்டே மிச்சத்தைப் பேட்டரியில் சேர்த்து, இரவெல்லாம் அதைச் செலவு செய்தது. தரையிலிருந்து ஆட்கள் முறை வைத்து ஓட்டினார்கள். இராகுவையும் கேதுவையும் கேட்டுக் கொண்டு அல்ல, வாட்டையும் கிராமையும் கூட்டிக் கழித்து!

இவையெல்லாம் பெரிய ஆட்களின் காரியம். சாதாரண ஆள் செய்வது இதைவிட எளிது. இறக்கையில் செல்லை ஒட்டாமல், மைதானத்தில் ஒரு சோலார் பலகையைச் சாய்த்து வைத்து, விமானத்தின் பேட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றிக் கொள்ளுகிறான். கணக்கைப் பாருங்கள். உச்சி வேளையில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெளிச்சம் சுமார் 1000 வாட். 100 வாட் என்று எழுதியிருக்கும் பலகை, சூடும் மற்ற நஷ்டமும் போக 70 வாட் கொடுத்தால் நல்லது. சிறு விமானத்தின் 11.1 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு வேண்டியது 24 வாட்-மணி. ஆகவே இரண்டு பேட்டரிகளை ஒரு மணி நேரத்தில் ஏற்றலாம். ஒவ்வொன்றும் பத்து நிமிஷம் போலப் பறக்கும். மேகம் மறைத்தால் தடைப்படாமலிருக்க நடுவில் ஒரு 12 வோல்ட் பேட்டரி வைப்பார்கள். லிதியம் பேட்டரியைப் பலகையோடு நேராக மாட்டக் கூடாது. அதற்கென்றுள்ள சார்ஜர் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். தவறினால் தீப்பிடிக்கும். சாமி குற்றத்துக்குப் பரிகாரம் உண்டு, இதற்குக் கிடையாது.

இங்கேதான் நமக்கு வேண்டிய விஷயம் வருகிறது. நம் ஊரில் புதுப் பலகை வாங்கினால் என்ன செய்கிறோம்? சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போடுகிறோம். அந்தப் பலகையில் 36 செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கின்றன; ஒவ்வொன்றும் அரை வோல்ட் கொடுக்கிறது. ஒற்றை வண்டித் தடத்தில் 36 மாட்டு வண்டிகள் போவதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒரு மாடு படுத்துக் கொண்டால் பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் நிற்க வேண்டியதுதானே? அதைப் போல, உள்ளங்கையகலச் சந்தனம் ஒரு செல்லின் பாதியை மறைத்தால், அந்த ஒரு செல்லோடு நஷ்டம் நிற்காது. வரிசை முழுவதின் மின்சாரமும் ஏறக்குறையப் பாதியாகும். மாற்று வழிக்கு டயோடு வைத்திருந்தாலும், மறைந்த செல் இருக்கிற பகுதி அடியோடு ஒதுங்கிப் போகும். ஆக, சூரிய பகவானுக்குப் பொட்டு வைத்த பக்தனுக்குத்தான் சூரியன் குறைவாகக் கொடுக்கிறான்! துடைத்து வைத்த நாத்திகனுக்கு முழுவதும் கொடுக்கிறான்.

2019 டிசம்பர் 26-இல் கோயமுத்தூர், திண்டுக்கல் பக்கங்களில் வளையக் கிரகணம் தெரிந்தது. பல கோயில்களை மூடினார்கள். சோலார் பலகையை யாரும் மூடவில்லை. வெளிச்சம் குறைந்தபோது மின்சாரம் குறைந்தது. வெளிச்சம் வந்தபோது தானாகவே கூடிற்று. ஒரு தர்ப்பைப் புல்லும் தேவைப்படவில்லை.

இது பணக்காரர் விளையாட்டு என்று ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ஒருவன் தனியாக வாங்கினால் அப்படித்தான். ஒரு படிப்பகமோ பள்ளிக்கூடமோ சேர்ந்து வாங்கினால், இருபது பிள்ளைகள் கை வைத்துப் பழகலாம். அந்தச் சிறு விமானத்தில் ஆசாரி வேலை இருக்கிறது, பற்ற வைக்கிற வேலை இருக்கிறது, ஒட்டுகிற வேலை இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. கையால் வேலை செய்கிறவனைத் தாழ்ந்த ஜாதி என்றும், கையைக் கட்டிக் கொண்டு மந்திரம் சொல்லுகிறவனை உயர்ந்த ஜாதி என்றும் பிரித்து வைத்த நாட்டில், ஒரே பிள்ளை இரண்டையும் செய்யும்படி விடுவது சின்னக் காரியமல்ல. வீட்டு ரேடியோவைக் கழற்றினான் என்று பையனை அடிக்கிற தகப்பனார்கள், அவன் பரீட்சைக்கு அர்ச்சனை செய்யக் கொடுக்கிற காசைக் கணக்குப் பார்க்கட்டும்.

பறக்க விடுவதற்கு 2021-ஆம் வருஷத்து டிரோன் விதிகள் உண்டு. படித்துத் தெரிந்து கொண்டு, ஜனங்களும் மின்கம்பிகளும் இல்லாத இடத்தில் விட வேண்டும். ஏப்ரல், மே மாதத்து வெயிலில் பலகைக்கு அடியில் காற்றோட்டம் வையுங்கள். அதற்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு ஏற ஏறக் கொடுப்பது குறையும். இன்னும் மூன்று சீட்டுகள் மேசை மேல் இருக்கின்றன. தலைவர் அனுமதித்தால் அவற்றுக்குப் பதில் சொல்லுகிறோம்.