எல்லா வயிற்றிலும் கிருமி, சில வயிற்றில் புண்

இந்தத் தலைமை நாற்காலியில் எனக்கு முன்பு அமர்ந்தவர்களை நினைத்தால் கொஞ்சம் நடுக்கமாக இருக்கிறது. இறாலும் மடவையும் பிடிக்கும் பழவேற்காட்டு ஏரிக்கரையில், நம்மூரில் காண்பதற்கே அரிதான ஃபெரெட் என்ற வளர்ப்புப் பிராணியின் வயிற்றைப் பற்றிப் பேச எளாவூரில் கூடியிருக்கிறோம். விந்தைதான். ஆனால் பொருத்தமில்லாத இடம் என்று சொல்லமாட்டேன்.

அழைப்பிதழில் அச்சாகியிருக்கும் தலைப்பை, அதாவது ஹெலிகோபாக்டர் கிருமியால் ஃபெரெட்டுக்கு வரும் வயிற்று நோயையும் அதன் சிகிச்சையையும், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். உங்களுக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லை. அறிகுறிகள்: தார் போலக் கறுத்த மலம், பல்லை நறநறவென்று கடித்தல், எச்சில் வடிதல், மெலிவு. சிகிச்சை: அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல், பிஸ்மத் மூன்றையும் சேர்த்துச் சில வாரங்கள். அல்லது கிளாரித்ரோமைசினும் அமிலத்தைக் குறைக்கும் ஒரு மருந்தும். மெட்ரோனிடசோலின் கசப்பு பட்டதும் பிராணி துப்பிவிடும் என்பது வளர்ப்பவர்களின் தீராத புகார். மருந்தளவை மதிய அமர்வு பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. 1989இல் ஹெலிகோபாக்டர் என்ற பேரினத்தைத் தனியாகப் பிரித்தபோது அதில் இரண்டே இனங்கள் இருந்தன: மனித வயிற்றின் பைலோரி, ஃபெரெட் வயிற்றின் மஸ்டெலே. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜேம்ஸ் ஃபாக்ஸ் குழுவினர், கிருமியில்லாத ஃபெரெட்டுகளுக்கு மஸ்டெலேயைக் கொடுத்து, இரைப்பை அழற்சி வருவதை 1991இல் காட்டினார்கள். கிருமியின் குற்றத்தில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் பால் மறந்த சில வாரங்களிலேயே ஏறக்குறைய எல்லா ஃபெரெட்டிடமும் அது குடியேறிவிடுகிறது. புண்ணோடு நம் மேசைக்கு வருபவையோ சில. மற்றவை ஏன் வருவதில்லை?

புண் ஏன் சிலருக்கு மட்டும் என்ற இந்தக் கேள்வியை, மனிதர்களைக் குறித்து, நம் மண்ணில் முன்பே கேட்டிருக்கிறார்கள். 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப்போன ஹோவர்ட் சாமர்வெல் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் கத்தி பிடித்தவர். அன்றைய திருவிதாங்கூர் ஏழைகளிடம் முன்சிறுகுடல் புண் மலிந்து கிடப்பதைக் கண்டு, 1936இல் ஆர் என்பவரோடு சேர்ந்து எழுதினார். குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வாளர் மெக்கரிசன், அந்த மக்களின் மரவள்ளிச் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டு வயிற்றுப்புண் வரவழைத்தார். பின்னர் மைசூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவி, அரிசி உண்ணும் தெற்கில் புண் மிகுதி, தீட்டாத கோதுமை உண்ணும் பஞ்சாபில் குறைவு என்று பல்லாண்டு எழுதினார். சில தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள கொழுப்புப் பொருள் எலிகளைப் புண்ணிலிருந்து காப்பதையும் காட்டினார். இந்த ஏரிக்கரையும் அரிசிச் சோற்றுச் சீமைதானே? அதனால்தான் இடம் பொருத்தம் என்றேன்.

பைலோரியைக் கண்டறிந்ததற்காக மார்ஷலும் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்ற பிறகு டோவியை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் மதிப்புக்குரிய நண்பர், குடல்நோய் வல்லுநர், முன்பொரு கருத்தரங்கில் சொன்னார்: "அதெல்லாம் கிருமி தெரியாத காலத்துக் கதை சார்." மரியாதையோடு மறுக்கிறேன். கிருமி தெரிந்த பிறகுதான் அந்தக் கதைக்குக் கூர்மையே வந்தது. பைலோரி வடக்கிலும் தெற்கிலும் ஒருபோல மலிந்திருக்கிறது. புண்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. எல்லாரிடமும் இருக்கும் ஒன்றை மட்டும் வைத்து, சிலருக்கு மட்டும் வருவதை எப்படி விளக்குவது? கிருமியை ஒழித்தால் புண் திரும்புவது குறைகிறதே என்று நண்பர் கேட்பார். ஒப்புக்கொள்கிறேன். விறகை எடுத்துவிட்டால் நெருப்பு அணையும். மூட்டியது யார் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும்.

இது வெறும் வரலாற்று வழக்கு அல்ல. பரிசோதனையில் கிருமி தெரிந்ததுமே மருந்து எழுதினால், நலமாக ஓடியாடும் ஃபெரெட்டுக்கும் எழுத வேண்டிவரும். இரண்டு ஆன்டிபயாடிக்கை வாரக்கணக்கில் கொடுத்து எதிர்ப்புத்திறன் கொண்ட கிருமியை நாமே வளர்ப்பதில் என்ன சாமர்த்தியம்? இன்னொன்று: ஒமெப்ரசோல் கொடுத்து அமிலத்தைக் குறைத்தால் மலத்தில் மஸ்டெலே கூடுதலாக வெளிப்படுகிறது என்று காட்டியதும் அதே ஃபாக்ஸ் குழுதான். ஆகவே அந்த மருந்து தொடங்குமுன் எடுத்த மலத்தையும், தொடங்கியபின் எடுத்த மலத்தையும் ஒரே அட்டவணையில் போடும் கட்டுரைகளை நான் சந்தேகத்தோடுதான் வாசிக்கிறேன். அப்படி ஒன்றிரண்டு இன்றைய பட்டியலிலும் உண்டு; பெயர் சொல்லமாட்டேன்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பிராணி என்ன தின்றது, எத்தனை பிராணிகளோடு ஒரே கூண்டில் இருந்தது, அதற்கு வேறு நோய் இருந்ததா, கூடவே இருந்து நோயுறாத பிராணிகளின் நிலை என்ன? இவற்றையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நான் கேட்பேன். தலைவருக்குக் கேள்வி நேரத்தில் வரம்பில்லை என்று செயலாளர் உறுதியளித்திருக்கிறார். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.