ஆய்வாளர்கள் நம் வாசலுக்கு வரும்போது

(அடுக்குமாடிப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இரவு ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அதனால் நேரே விசயத்துக்கு வருகிறேன். ஒரு பல்கலைக்கழகக் குழு நம் அடுக்குமாடிக்கு வர அனுமதி கேட்டிருக்கிறது. கோவிட் காலத்துக்குப் பிறகு நம் பிள்ளைகளின் மனநலம் எப்படி இருக்கிறது என்று ஆய்வு செய்யப் போகிறார்களாம். "வருவார்கள், கேட்பார்கள், போவார்கள். நமக்கு என்ன கிடைக்கும்?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் கதவைச் சாத்த வேண்டாம், நிபந்தனையோடு திறப்போம் என்கிறேன்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்தன. அந்த ஆண்டு கல்வி அமைச்சு எடுத்த கணக்கில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் இயங்கலையில் படிக்க எந்தக் கருவியும் இல்லை. நம் வீடுகளில் நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்த ஒரே கைத்தொலைபேசி காலையில் அப்பாவோடு வேலைக்குப் போகும். இரவில் அது திரும்பி வந்த பிறகு மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பாடம் எழுதுவார்கள். 2020க்கான எஸ்.பி.எம். தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. அதற்குள் லாரி அட்டெண்டனாகவும் கடைப் பையனாகவும் போனவர்கள் பலர் மறுபடி சீருடை போடவில்லை.

சுகாதார அமைச்சு 2022இல் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் ஆய்வு நடத்தியது. நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் 2017இல் பத்தில் ஒருவருக்கு வந்திருந்தது; 2022இல் எட்டில் ஒருவருக்கு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கணக்கு பள்ளிக்கூடத்துக்குள் எடுத்தது. பள்ளியை விட்ட பையன் இதில் இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்கே போகாத பிள்ளையும் இதில் இல்லை. யாரை நினைத்து நாம் அதிகம் பயப்படுகிறோமோ அவர்களைத்தான் அந்தக் கணக்கு தொடவில்லை. வீடு வீடாக வருகிறவர்கள்தான் அவர்களைப் பார்க்க முடியும்.

கணக்கு எடுத்தால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? கோலாலம்பூர் வட்டாரத்தில் 17 மலிவுவிலை அடுக்குமாடிகளில் எடுத்த ஆய்வை யூனிசெப் 2018இல் வெளியிட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். இரட்டைக் கோபுரம் தெரிகிற ஊரில் பிள்ளைகள் சத்தில்லாமல் வளர்கிறார்கள் என்று நாம் வாயால் சொன்னபோது யார் கேட்டார்கள்? எண்ணாக வந்த பிறகுதான் பத்திரிகையும் பேசியது.

நிபந்தனைக்கு வருகிறேன். முதலில் மொழி. நம் பிள்ளை "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லமாட்டான். "கடுப்பா இருக்கு", "தலை வலிக்குது", "தூக்கம் வரல" என்பான். நாமோ சோம்பேறி என்று ஏசுவோம். இந்தப் பேச்சு தெரியாதவர் எழுதிய கேள்வித்தாள் பிழையான பதிலைத்தான் கொண்டுபோகும். ஆகவே கேள்விகளை நம் இளைஞர்களோடு உட்கார்ந்து எழுத வேண்டும். அந்த வேலைக்குச் சம்பளமும் தர வேண்டும். நம் பிள்ளைகளின் நேரம் இலவசம் இல்லை.

அடுத்தது இடம். நம் வீட்டுச் சுவரில் பேச்சு நிற்காது. அம்மா சமையலறையில் இருக்கும்போது பிள்ளை எப்படி மனம் திறப்பாள்? கோவில் மண்டபத்தில் ஓர் அறை கேட்போம்.

இனிச் சொல்வதுதான் எனக்கு முக்கியம். ஒரு பிள்ளை, "நான் சாகலாம்னு நினைக்கிறேன்" என்று ஆய்வாளரிடம் சொன்னால் அடுத்த நிமிடம் என்ன நடக்கும்? தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்களா? அன்றே யார் அந்தப் பிள்ளையோடு இருப்பார், எந்த அரசாங்க கிளினிக்குக்கு யார் அழைத்துப் போவார், அடையாள அட்டை இல்லாத பிள்ளைக்கு அங்கே கட்டணத்தை யார் கட்டுவார் என்பதை எழுதித் தர வேண்டும். இது இல்லாவிட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன், உங்களையும் போடச் சொல்ல மாட்டேன்.

நம் பக்கமும் ஒரு பயம் இருக்கிறது. தற்கொலை முயற்சி நம் நாட்டில் நெடுங்காலம் குற்றமாக இருந்தது. ஓராண்டு வரை சிறை என்றது தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு. அதனால் குடும்பங்கள் மறைத்தன, மருத்துவமனையில் விபத்து என்று சொன்னார்கள். 2023இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. போலீஸ் வரும் என்று பயந்து இனி யாரும் பிள்ளையை மறைக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டார் என்ன பேசுவார்கள் என்ற பயத்தை எந்தச் சட்டமும் நீக்காது, அது நம் வேலை.

இப்படி நிபந்தனை போட நாம் யார் என்று கேட்பவர்கள், தென்னாப்பிரிக்காவின் சான் மக்களைப் பாருங்கள். படிப்பிலும் பணத்திலும் நம்மைவிட நலிந்தவர்கள். தங்களைப் பற்றித் தங்களைக் கேட்காமலே உலகம் எழுதுவதைப் பார்த்துச் சலித்து, 2017இல் ஆய்வாளர்களுக்கு ஒரு நெறிமுறையைத் தாங்களே எழுதினார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை ஆகியவை அதில் இருக்கின்றன. வெளியிடும் முன் எங்களுக்குக் காட்டு என்பதும் இருக்கிறது. நாமும் அதைத்தான் கேட்கிறோம். முடிவைத் தமிழில் எழுதி இதே மண்டபத்தில் வாசிக்கட்டும்.

இந்த நிபந்தனைகளை ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பின்னால் மேசையில் அக்கா வைத்திருக்கிறார். படித்துப் பார்த்துத் திருத்துங்கள். கேள்விகளைப் பார்க்க நான்கு இளைஞர்கள் வேண்டும், அதில் ஒருவராவது பள்ளியைப் பாதியில் விட்டவராக இருக்க வேண்டும். பெயரை அக்காவிடம் கொடுங்கள். ஆய்வு வரும்வரை காத்திருக்க முடியாத வீடுகளுக்கு: மனநல உதவிக்கு 15555, பிள்ளைக்கு ஆபத்து என்றால் எந்நேரமும் 15999. தொலைபேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.