அட்டை பையில் இருக்கும். பெயர் களவு போகும்
(செமிலிங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



1948-ஆம் ஆண்டில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டபொழுது நம் நாட்டில் அடையாள அட்டை அறிமுகமாயிற்று. அந்நாளில் காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டு கிளர்ச்சிக்காரர்கள் பலருடைய அட்டைகளைப் பறித்து அழித்தனர். அட்டையைப் பறிகொடுத்தவர் அதை அப்பொழுதே அறிந்தார். இன்றைய திருடனோ அட்டையைத் தொடுவதில்லை. அட்டை உங்கள் பையிலேயே இருக்கும். உங்கள் பெயரில் வேறொருவன் நடமாடுவான்.

இது எவ்வாறு நிகழ்கிறது? பால்மரத்தில் பால் ஒரேயடியாகக் கொட்டுவதில்லை. சொட்டுச் சொட்டாகவே கோப்பை நிறைகிறது. தகவல் திருட்டும் அத்தகையதே. அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள் உள்ளன. முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடம். கெடாவிற்குரிய குறியீடுகளுள் ஒன்று 02. பிறந்த நாளையும் ஊரையும் கைப்பேசியில் ஊரறியப் பதிவிடுபவர், எட்டு இலக்கங்களைத் தாமே சொல்லிவிடுகிறார். கடையில் விட்டுவந்த அட்டைப் பிரதி எஞ்சியதைத் தருகிறது.

நம் கவனத்தை மீறியும் தகவல் கசிவதுண்டு. 2017-ஆம் ஆண்டில் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்கள், பெயர், முகவரி, அடையாள அட்டை எண் முதலியவற்றுடன் கசிந்த செய்தி வெளியாயிற்று. அத்தொகை நாட்டின் மக்கள்தொகையினும் மிகுதி. ஆகவே, “காவல் நிலையத்திலிருந்து பேசுகிறோம்” என்று ஒருவன் உங்கள் அட்டை எண்ணைப் பிழையின்றி ஒப்பிப்பதனால் அவன் அதிகாரியாகிவிடமாட்டான்.

திருடிய பெயரில் கடன் பெறுகின்றனர். கைப்பேசி இணைப்பு வாங்குகின்றனர். கடிதம் வரும்பொழுதுதான் உரியவர் திடுக்கிடுகிறார். சிலரோ, சிறு தொகைக்கு ஆசைப்பட்டுத் தம் வங்கி அட்டையைப் பிறரிடம் ஒப்படைக்கின்றனர். ஏமாந்தவரின் பணம் அக்கணக்கு வழியே செல்கிறது. காவல்துறை தேடி வருவது கணக்குக்கு உரியவரையே. தக்க காரணமின்றி இவ்வாறு ஒப்படைப்பதை, 2024-இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. நண்பர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

தோழர்களே, சிலவற்றை மனத்தில் இருத்துங்கள். அட்டைப் பிரதி கொடுக்க நேர்ந்தால், எக்காரியத்திற்கு என்பதையும் தேதியையும் அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள். கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள். அட்டை தொலைந்தால் தாமதமின்றித் தேசியப் பதிவு இலாகாவில் தெரிவியுங்கள். உங்கள் பெயரில் எவ்வங்கிகளில் கடன் உள்ளது என்பதைப் பேங்க் நெகாராவின் சிகிரிஸ் பதிவேட்டில் கட்டணமின்றிப் பார்க்கலாம். மோசடியில் பணம் பறிபோனால் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். பின்னர்க் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். வெட்கப்பட்டுக் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கே இலாபம்.

விடியுமுன் எழுந்து, மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாது மரம் வெட்டிச் சேர்த்த பொருள் உங்களுடையது. அதைக் காக்கும் பூட்டு உங்கள் பெயரே. அதன் சாவியைப் பிறர் கையில் கொடாதீர்கள்.