கூடித் திட்டமிடுவோம், குறித்த காலத்தில் கட்டுவோம்

(பொறியியல் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய கருத்தரங்குக்கென எழுதப்பட்ட உரை)



கட்டடப் பணியிடங்களில் அடிக்கடி காணும் ஒரு காட்சியுடன் தொடங்குகிறேன். கூரைத் தளத்துக்குக் கான்கிரீட் போட்டாகிவிட்டது. சில நாள் கழித்து மின்பணியாளர் வருகிறார். தளத்துக்குள் பதிந்திருக்க வேண்டிய மின்குழாய்கள் அங்கு இல்லை. இறுகிய தளத்தை உளியால் கொத்திக் குழாயைப் பதித்து, மேலே பூசி மறைக்கிறார்கள். குற்றம் யாருடையது? கான்கிரீட் போட்டவர் குறித்த நாளில் தம் வேலையை முடித்தார். மின்பணியாளரிடமோ எவரும் அந்த நாளைச் சொல்லவில்லை. இருவரும் தொழில் அறிந்தவர்களே. ஆனால், ஒரு முறைகூட ஒன்றாக அமர்ந்து பேசியதில்லை.

மத்திய அரசின் புள்ளியியல், திட்ட அமலாக்க அமைச்சகம் 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மத்திய திட்டங்களைக் கண்காணித்து வருகிறது. காலதாமதத்துக்கு நிலம் கையகப்படுத்தல், வன அனுமதி போன்ற காரணங்கள் கூறப்படுகின்றன. அவை பணியிடத்துக்கு வெளியே தோன்றும் தடைகள். பணியிடத்துக்கு உள்ளேயே தோன்றும் தடைகளைப் பற்றியே நான் இன்று பேச விரும்புகிறேன்.

வந்த வழி

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவான சி.பி.எம்., பெர்ட் முறைகளை நீங்கள் பாடமாகப் படித்திருப்பீர்கள். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எது தாமதமானால் முழுத் திட்டமும் தாமதமாகும் என்பதை அவை தெளிவாகக் காட்டும். ஆயினும், அடுத்த திங்கட்கிழமை அந்த வேலையைச் செய்ய முடியுமா என்பதை அவை கூறமாட்டா. அதை அறிந்தவர் பணியிடத்தில் நிற்கும் மேற்பார்வையாளரும் மேஸ்திரியுமே.

ஜப்பானின் டொயோட்டா ஆலைகளில் வளர்ந்த விரயம் நீக்கும் உற்பத்தி முறையைக் கட்டுமானத்துக்குப் பொருத்துவது குறித்து, பின்லாந்து நாட்டு அறிஞர் லௌரி கோஸ்கேலா 1992இல் ஓர் ஆய்வறிக்கை எழுதினார். அமெரிக்காவின் கிளென் பல்லார்டும் கிரெக் ஹவலும் 'லாஸ்ட் பிளானர்' என்னும் முறையை உருவாக்கினர். வேலையை நேரில் பகிர்ந்தளிப்பவரே கடைசியாகத் திட்டமிடுபவர். திட்டமிடுவதில் அவருக்கும் குரல் வேண்டும் என்பதே இம்முறையின் உயிர்நாடி. விரயம் நீக்கிய கட்டுமானத்தை ஆராயும் பன்னாட்டுக் குழுவின் மாநாடு 2018இல் சென்னையில் நடைபெற்றது என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

செயல்படும் விதம்

முதலில், முக்கியமான கட்டங்களையும் அவற்றின் தேதிகளையும் மட்டும் காட்டும் முழுத் திட்ட அட்டவணை. அடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அனைத்துத் தொழிற்பிரிவினரும் ஒரு சுவரின் முன் கூடுகிறார்கள். பிரிவுக்கு ஒரு நிறச் சீட்டு. முடிவு நாளிலிருந்து பின்னோக்கி வருகிறார்கள். 'இந்த வேலையைத் தொடங்க எனக்கு முன்னவரிடமிருந்து என்ன வேண்டும்?' என்பதே கேள்வி. தளத்தின் மின்குழாய் அப்போதே வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவதாக, வரும் ஆறு வாரங்களுக்கான முன்னோக்கு. வரைபடம், பொருள், ஆள், கருவி, இடம், முந்தைய வேலை, அனுமதி முதலான புறச்சூழல் ஆகிய ஏழும் தயாரா என்று பார்த்துத் தடைகளை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். தடை நீங்கிய வேலையை மட்டுமே வாரத் திட்டத்தில் சேர்க்கலாம்.

வார இறுதியில் கணக்கெடுப்பு. ஒரு வாரத்தில் 20 வேலைகளை முடிப்பதாக வாக்களித்து 12 முடிந்தால் 60 சதவீதம். முக்கால்வாசி முடிந்த வேலை முடியாத வேலையாகவே எண்ணப்படும். ஏனெனில், அடுத்தவர் அதன் மேல் தம் வேலையைத் தொடங்க இயலாது. மீதி எட்டும் ஏன் முடியவில்லை என்று காரணம் எழுத வேண்டும். ஒரே காரணம் மீண்டும் மீண்டும் வந்தால், சீர்செய்ய வேண்டிய இடம் அதுவே.

அலுவலர் கடமை

இங்குதான் ஓர் ஆபத்து உள்ளது. இந்தச் சதவீதத்தைத் தண்டனைக்குரிய மதிப்பெண்ணாக்கினால், மறுவாரமே எளிய வேலைகளை மட்டும் வாக்களிப்பார்கள். எண் உயரும், கட்டடம் உயராது. 'முடியாது' என்று சொல்லும் உரிமை இல்லாதவர் 'முடியும்' என்று சொல்வதற்கு மதிப்பில்லை. அந்தச் சொல்லைப் பொறுமையுடன் கேட்பது தலைமை தாங்கும் அலுவலரின் முதற் கடமை.

மற்றொன்று, தடைகளில் சில நம் மேசையிலேயே இருக்கின்றன. ஒப்புதல் பெறாத வரைபடமும் பணம் வழங்காத பட்டியலும் மேஸ்திரியால் நீக்கக்கூடியவை அல்ல. பட்டியல் வந்த 10 வேலை நாள்களுக்குள், தகுதியான தொகையில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் வழங்க வேண்டும் என்று மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2021 அக்டோபரில் அறிவுறுத்தியது. வாரக் கூட்டத்தில் ஒப்பந்ததாரர் வாக்களிப்பது போல, அலுவலரும் தம் பங்குக்கு ஒரு தேதியை வாக்களிக்க வேண்டும். அதுவும் கணக்கில் சேர வேண்டும்.

இதற்குப் பெரும் செலவு இல்லை. ஒரு சுவர், சில வண்ணச் சீட்டுகள், வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். பல மாநிலத் தொழிலாளர் கூடும் இடங்களில் அவர்களுக்கு விளங்கும் மொழியில் பேச வேண்டும், அவ்வளவே. தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் ஒரு மருத்துவமனை நோயாளியின்றியும், ஒரு பள்ளி மாணவரின்றியும் நிற்கிறது. அந்த இழப்பு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. மக்களே அதைத் தாங்குகிறார்கள். அதைக் குறைக்க, கட்டுவோரை முதலில் ஒன்றாக அமர்த்துவோம்.