மென்பொருள் உத்தியோகமும் நேர்முகப் பரீட்சையும்



மன்னார்க் கடல் முத்துக்குப் பெயர் பெற்றது. சிலாவத்துறைக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சிப்பியிலிருந்து எடுத்த முத்துக்களை வணிகர் கண்டவுடன் விலைபேசிவிடுவதில்லை. துளையிட்ட பித்தளைச் சல்லடைகள் பத்தினை வைத்து, முதலிற் பருமன்வாரியாகப் பிரிப்பர். அதன் பின்னர், ஒவ்வொரு முத்தையும் வெளிச்சத்தில் வைத்து, அதன் உருட்சியையும் ஒளியையும் நோக்குவர். பருமனைச் சல்லடை அறியும். ஒளியைக் கண்ணே அறியும்.

மென்பொருட் பொறியியலாளர் உத்தியோகத்துக்கு ஆட்களைத் தெரிவு செய்வோரும் இன்று ஏறத்தாழ இம்முறையையே கையாளுகின்றனர். முதலிற் சல்லடை; பின்னர் கண்.

மன்னார்த் தீவிலும், பெருநிலத்தில் மாந்தை, நானாட்டான், முசலி முதலிய பகுதிகளிலும் கணினிக் கல்வியை நாடும் பிள்ளைகளுக்குப் பட்டம் பெறும் வழி முன்னரைவிட அருகில் வந்திருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் அமைந்துள்ளது. வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கொழும்புப் பல்கலைக்கழகம் தகவல் தொழில்நுட்பத்தில் வெளிவாரிப் பட்டத்தை 2000ஆம் ஆண்டிலே தொடங்கியது. ஆயினும், பட்டத்துக்கும் உத்தியோகத்துக்கும் இடையே ஒரு வாசல் உண்டு. அவ்வாசலிலே திறமையுள்ள பிள்ளைகளும் சில வேளைகளில் தடுமாறிவிடுகின்றனர். பாடம் அறியாமை அதற்குக் காரணமன்று. உள்ளே என்ன நடக்கும் என்பதை அறியாமையே காரணம்.

அரசாங்க உத்தியோகத்துக்கான நேர்முகப் பரீட்சையிற் சான்றிதழ்கள் பெரும்பங்கு வகிப்பதை நம் நாட்டுப் பெற்றோர் நன்கு அறிவர். மென்பொருள் நிறுவனத்திற் சான்றிதழ் கதவை மட்டுமே திறக்கும். உள்ளே சென்றபின், "என்ன படித்தாய்?" என்ற வினாவிலும், "இதை எவ்வாறு செய்வாய்?" என்ற வினாவே மேலோங்கி நிற்கும்.

முதற்படி சுயவிபரக் கோவை. அதில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் வினாவாகத் திரும்பி வரும் என்பதை விண்ணப்பகாரர் மறத்தலாகாது. அரைகுறையாகத் தெரிந்த பத்துக் கணினி மொழிகளை வரிசையாக எழுதுவதிலும், தானே செய்து முடித்த ஒரு வேலையைத் தெளிவாக எழுதுவது மேலானது. ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு கணக்குப் பதிவேட்டைக் கணினியில் அமைத்துக் கொடுத்த பிள்ளை, அதை ஏன் அவ்வாறு அமைத்தான், எங்கே தவறினான், எவ்வாறு திருத்தினான் என்று சொல்லக்கூடுமாயின், அதுவே நல்ல முதலீடாகும்.

இரண்டாம் படி, இணையத்தின் வழியே நடைபெறும் நேரக் கட்டுப்பாடுள்ள நிரலாக்கத் தேர்வு. இரண்டு அல்லது மூன்று கணக்குகள் கொடுக்கப்படும். விடையை இயந்திரமே சரிபார்க்கும். இதுவே சல்லடை. இதற்கு மருந்து பயிற்சி ஒன்றே.

மூன்றாம் படியே பலரும் அஞ்சும் படி. அனுபவமுள்ள பொறியியலாளர் ஒருவரோ இருவரோ எதிரில் அமர்ந்து, ஒரு கணக்கைக் கொடுத்து, அதைத் தம் கண்முன்னே செய்யுமாறு கேட்பர். அக்கணக்கு எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் காண்பது நன்று.

மன்னார்க் கரையில் ஒரு மீன்வாடியில் 1,000 பெட்டிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றின் நிறையும் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு பெட்டிகள் சேர்ந்து சரியாக 50 கிலோ வரவேண்டும், அவ்விரண்டும் எவை? இதுவே வினா.

அவசரக்காரன் உடனே எழுதத் தொடங்குவான். நிதானமுள்ளவன் முதலில் வினாவுவான். இரு பெட்டிகள் ஒரே நிறையுடையனவாக இருக்கக்கூடுமா? அத்தகைய சோடி ஒன்றுமே இல்லாவிடில் என்ன விடை தருவது? நிறைகள் முழு எண்களா? இவ்வாறு கேட்பது அறியாமையின் அடையாளமன்று. வேலைத்தலத்தில் வாடிக்கையாளரிடம் கேட்கவேண்டிய கேள்விகளே இவை. தேர்வாளர் இவற்றைக் கேட்டு மகிழ்வார்.

பின்னர், எளிய வழியை முதலிற் சொல்லவேண்டும். ஒவ்வொரு பெட்டியையும் மற்ற எல்லாப் பெட்டிகளோடும் கூட்டிப் பார்க்கலாம். அவ்வாறு செய்தால் 499,500 சோடிகளைப் பார்க்க நேரிடும். "இதைவிட விரைவான வழி உண்டா?" என்று தேர்வாளர் கேட்பார். உண்டு. ஓர் ஏட்டை வைத்துக்கொண்டு பெட்டிகளை வரிசையாகப் பார்த்துச் செல்லலாம். 18 கிலோப் பெட்டி வந்தால், அதற்குத் துணை 32. ஏட்டில் 32 இருக்கிறதா என்று பார்த்து, இல்லையேல் 18ஐ ஏட்டிற் பதிந்துவிட்டு மேலே செல்லலாம். கணினியிலே இந்த ஏட்டிற் குறித்த ஓர் எண்ணைத் தேடுவதற்கு, ஏடு முழுவதையும் புரட்டவேண்டியதில்லை. ஆகவே, 1,000 பெட்டிகளையும் ஒருமுறை பார்த்தாற் போதும்.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. முதலில் ஏட்டைப் பார்த்து, அதன் பின்னரே பதிதல் வேண்டும். முறையை மாற்றினால், 25 கிலோப் பெட்டி ஒன்று தனக்குத் தானே துணையாகிவிடும். இத்தகைய மூலை முடுக்குகளைத் தானே கண்டு சொல்பவனையே தேர்வாளர் தேடுகிறார். ஏட்டுக்கு இடம் வேண்டும் என்பதையும், நேரத்தை மிச்சம் பிடிக்க இடத்தைச் செலவிடுகிறோம் என்பதையும் சொல்லக்கூடுமாயின் இன்னும் சிறப்பு.

இவை அனைத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யவேண்டும் என்பதுதான் இப்பரீட்சையின் உயிர்நாடி. நம் பிள்ளைகள் பெரியோர் முன் அடக்கமாக இருக்கப் பழகியவர்கள். வகுப்பறையில் மெளனம் மரியாதையாகக் கொள்ளப்படுகிறது. நேர்முகப் பரீட்சையிலோ அது வெறுமையாகத் தோன்றிவிடுகிறது. உள்ளே நல்ல சிந்தனை ஓடிக்கொண்டிருந்தாலும், வெளியே சொல்லப்படாத சிந்தனைக்குப் புள்ளி இடுவார் எவருமில்லை.

ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சிந்திப்பது எவருக்கும் கடினமே. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், கணினி மாணவர் 48 பேருக்குக் கணக்குக் கொடுத்தனர். சிலர் தனியறையிற் செய்தனர். சிலர் தேர்வாளர் ஒருவர் பார்த்திருக்கப் பலகையில் எழுதி விளக்கினர். பார்க்கப்பட்டவர்களின் திறன், தனித்திருந்தவர்களின் திறனிற் பாதியளவாகவே இருந்தது. கை நடுங்கினால், நா வறண்டால், பிள்ளை தன்னை மூடன் என்று எண்ணிவிடலாகாது. அது பழக்கக் குறைவேயன்றி அறிவுக் குறைவன்று. பழக்கக் குறைவைப் பழக்கத்தினாலே போக்கலாம்.

ஆங்கிலம் பற்றிய அச்சமும் பெரிது. தன்மை முன்னிலையிலோ காலத்திலோ நேரும் சிறு வழுக்களைத் தேர்வாளர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை; கருத்து விளங்கினாற் போதும். கணக்கை முதலில் தம்பி தங்கையருக்குத் தமிழிலே விளக்கிப் பழகி, பின்னர் அதையே ஆங்கிலத்திற் சொல்லிப் பார்த்தல் நலம். தமிழிலே தெளிவாகச் சொல்ல முடியாதது ஆங்கிலத்திலும் தெளிவாக வராது.

கணக்கோடு வேறு வினாக்களும் வரும். தலைமன்னாருக்குப் புகையிரதம் 1990இல் நின்று, 2015ஆம் ஆண்டு மார்ச்சில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அத்தகைய புகையிரதத்துக்கு இணையத்தில் ஆசனம் பதியும் முறை ஒன்றை அமைப்பதாயின், எஞ்சிய ஒரே ஆசனத்தை இருவர் ஒரே கணத்திற் கேட்டால் என்ன செய்வாய் என்று வினவலாம். ஆசனத்தைச் சரிபார்த்தலும் பதிதலும் பிரிக்கவொண்ணாத ஒரே செயலாக நடைபெறவேண்டும் என்பதே விடையின் சாரம். தரவுத்தளம் கற்ற பிள்ளைக்கு இது தெரிந்த பாடமே. தெரிந்த இடத்தில் அதைப் பொருத்திப் பார்த்தலே புதிது.

"உன் தவறு ஒன்றைப் பற்றிச் சொல்" என்றும் கேட்பர். தவறே செய்யவில்லை என்பவனை எவரும் நம்பார். நடந்தது என்ன, தன் பங்கு எவ்வளவு, திருத்தியது எப்படி என்று சுருக்கமாகக் கூறுதல் போதும். அறியாததை அறியேன் என்று சொல்வதும் குற்றமன்று. "அறியேன், ஆயினும் இவ்வாறு ஆராய்வேன்" என்பது அதனினும் நன்று. விடுகதை போன்ற வினாக்கள் முன்பு பெருவழக்காக இருந்தன. அவை நேரத்தை வீணாக்கியவையே என்று கூகிள் நிறுவனத்தில் ஆட்சேர்ப்புப் பொறுப்பிலிருந்த லாஸ்லோ பொக் 2013இல் வெளிப்படையாகக் கூறினார்.

இப்பொழுது செயற்கை நுண்ணறிவு நொடியில் நிரல் எழுதித் தருகிறது. சில நிறுவனங்கள் அதைப் பயன்படுத்த இடமளிக்கின்றன, சில தடுக்கின்றன. முன்கூட்டியே கேட்டறிதல் முறை. தடுத்த இடத்தில் மறைவாகப் பயன்படுத்துவது வஞ்சகம், அன்றியும் வீண். "இந்த வரியை ஏன் எழுதினாய்?" என்ற ஒரே வினாவில் இரவல் விடை வெளிப்பட்டுவிடும்.

வீட்டிலிருந்தே பரீட்சை நடைபெறுமாயின், மின்சாரமும் இணைய இணைப்பும் தடைப்படக்கூடும் என்பதை எதிர்பார்த்து, மாற்று இணைப்பொன்றையும் நிறுவனத்தாரின் தொலைபேசி எண்ணையும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும்.

பெற்றோர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 2024ஆம் ஆண்டில், மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அகப்பட்டிருந்த இலங்கையர் மீட்கப்பட்டனர். கணினி வேலை, கைநிறைய ஊதியம் என்ற சொல்லே அத்தகைய முகாம்களின் தூண்டில். ஐந்து நிமிடப் பேச்சோடு வேலை உறுதி என்பவர், பணம் முன்னே கேட்பவர், சுற்றுலா விசாவிற் போகச் சொல்பவர் ஆகியோரை நம்பலாகாது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முகவரின் அனுமதிப்பத்திரத்தை விசாரித்தறியாமல் தாலிக்கொடியை அடகு வைத்தலும் ஆகாது. கடினமான கேள்விகளைக் கேட்கும் நிறுவனத்துக்கு அஞ்சவேண்டியதில்லை. ஒரு கேள்வியும் கேளாத நிறுவனத்துக்கே அஞ்சவேண்டும்.

ஒருமுறை தவறினால் வீட்டார் இடிந்துபோதல் வேண்டா. அன்றைக்குக் கேட்ட வினாக்களை அன்றிரவே எழுதிவைத்து, விடை கண்டு, அடுத்த வாசலுக்குப் போகவேண்டும். ஒரு சல்லடையில் நில்லாத முத்து மறு சல்லடையில் நிற்பதுண்டு. பருமனிற் சிறியதாயினும் ஒளியால் உயர்வதுமுண்டு.

கணினி தெரியாத தாய் தந்தையரும் இதற்கு உதவலாம். மாலை வேளையில் ஒரு நாற்காலியை இட்டு எதிரே அமர்ந்து, "இன்று செய்ததை எனக்கு விளங்கச் சொல்" என்று பிள்ளையைக் கேட்டாற் போதும். விளங்காதபோது "ஏன்?" என்று கேட்கவேண்டும். அரைமணி நேரம் பொறுமையோடு கேட்கும் அந்த ஒரு சோடிக் காதுகள், கொழும்பிலுள்ள தேர்வாளரின் முன் பிள்ளையின் நா எழுவதற்குப் பெருந்துணையாகும்.